நாலு பிளக்கும் ஒரு கேஸ் டியூப்பும்

கானாடுகாத்தான்

அன்புள்ள சுப்பையா,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் கையில் கிரீஸ். காரணம் பெரியப்பச்சியின் பென்ஸ்.

அந்த ஈ 220-ஐ நீ மறந்திருக்க மாட்டாய். 1995-ல் புனேயில் பென்ஸ் கார்களைக் கூட்ட ஆரம்பித்தார்களே, அப்போது வந்த மாடல். பெரியப்பச்சி மறுவருஷம் எடுத்தார். உன் மகள் காதுகுத்துக்குப் பிள்ளையார்பட்டி போனது இதில்தான். பின்சீட்டில் ஏழு பேர். அவர் போன பிறகு வண்டிக் கொட்டகையில்தான் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் போய் ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, துடைத்து மூடிவிட்டு வருவேன். நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரு திருப்தி.

இந்தத் தை பிறந்ததிலிருந்து ஸ்டார்ட் செய்தாலே வண்டி குலுங்க ஆரம்பித்தது. மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை. சைலன்சரில் பச்சைப் பெட்ரோல் வாடை. மதுரையில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டேன். வண்டியைக் கண்ணால் பார்க்காமலே, பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை மாற்ற வேண்டும், இஞ்சின் கம்ப்யூட்டரைப் பார்க்க வேண்டும், எப்படியும் 60,000 ஆகும் என்றார்கள். பெட்ரோலுக்குப் பொறி வைக்கும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரி, அதையாவது நாமே பார்ப்போம் என்று இறங்கினேன். நீ சிரிப்பது கேட்கிறது. 1978-ல் உங்கள் அப்பச்சியின் ஜாவா மோட்டார் சைக்கிளில் பிளக்கைக் கோணலாக ஏற்றி மரையைத் தின்ன வைத்தது நீ, அடி வாங்கியது நான்.

பானெட்டைத் திறந்தால் இஞ்சின் தலையில், நடுவில் நீளவாக்கில் ஒரு மூடி. அதன் திருகாணிகளைக் கழற்றினால் பிளக்குகள் நாலும் குழிக்குள் ஆழத்தில் உட்கார்ந்திருக்கின்றன. குழியைச் சுற்றி நம்மூர்ச் செம்மண், மாவு மாதிரி. இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. அப்படியே பிளக்கைத் திருகி எடுத்தால் அந்த மண் நேரே சிலிண்டருக்குள் கொட்டும். பேரனின் சைக்கிள் பம்பை எடுத்து ஒவ்வொரு குழியையும் ஊதினேன். முகம் முழுக்க செம்மண். மூன்றாவது குழியில் மண்ணோடு எண்ணெயும் நின்றது. குச்சியில் துணி சுற்றி ஒற்றி எடுத்தேன். அந்த எண்ணெய் விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

காலை ஆறு மணிக்கு, இஞ்சின் ஜில்லென்று இருக்கும்போதுதான் கழற்றினேன். தலை அலுமினியம். சூட்டோடு கழற்றினால் மரை பிய்ந்து வரும். ஒயர்கள் இடம் மாறிவிடாமல் இருக்க ஒரு நேரத்தில் ஒரு பிளக்தான். முதலிரண்டும் முனகிக்கொண்டு வந்தன. மூன்றாவது அசையவே இல்லை. ஊடுருவும் எண்ணெய் விட்டு, காப்பி குடித்துவிட்டு வந்து, கால் சுற்றுத் திறப்பது, திரும்ப அரைக்கால் சுற்று மூடுவது என்று அரை மணி நேரம் தாஜா செய்துதான் வெளியே வந்தது.

நாலையும் வரிசை மாறாமல் முகப்பில் ஆத்தங்குடிக் கல்மேல் வைத்தேன். (கறை படிந்துவிட்டது. வீட்டில் ஆச்சி இன்னும் விடவில்லை.) நாலும் கன்னங்கரேல். தொட்டால் மை மாதிரி விரலில் ஒட்டும் புகைக்கரி. அப்போதுதான் புரிந்தது, வண்டியைக் கெடுத்தது என் ஞாயிற்றுக்கிழமைப் பாசம்தான் என்று. பிளக்கின் நுனி ஏறக்குறைய 450 டிகிரி சூடானால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். ஐந்து நிமிஷம் நின்ற இடத்திலேயே ஓடினால் அந்தச் சூடு வராது. குளிர்ந்த இஞ்சினுக்குப் பெட்ரோலும் கூடுதலாகப் போகும். வாரா வாரம் ஒரு பூச்சு கரி பூசியிருக்கிறேன், அவ்வளவுதான்.

காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில், நம் சிக்ரியில், முப்பது வருஷம் எலெக்ட்ரோடுகளோடு குடித்தனம் செய்தவனாயிற்றே, உனக்கென்று ஒரு சங்கதி. இந்த இஞ்சினில் ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தை முறை வைத்துப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. இரண்டே காயில். ஒன்றாம், நாலாம் சிலிண்டருக்கு ஒன்று, இரண்டுக்கும் மூன்றுக்கும் ஒன்று. ஒரு காயில் பொறி விட்டால் ஜோடி பிளக் இரண்டிலும் ஒரே நேரத்தில் அடிக்கும். ஒன்று உருப்படியான பொறி, மற்றது புகை வெளியேறும் நேரத்தில் வீணாகப் போவது. மின்சாரம் ஒரு பிளக்கில் நடுமுனையிலிருந்து ஓரமுனைக்குத் தாவுகிறது, ஜோடியில் அதற்கு நேர்மாறாக. கரியைத் துடைத்துவிட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் நடுமுனை தேய்ந்து மொட்டையாகியிருக்கிறது. அதன் ஜோடியில் ஓரமுனையின் அடிப்பக்கம் குழிந்திருக்கிறது. நாலையும் பிஸ்கட் டப்பாவில் போட்டு உனக்காக வைத்திருக்கிறேன்.

புதுப் பிளக் நாலும் சேர்ந்து 2,000-க்குள் முடிந்தது. கடைக்காரர் இரிடியம் வாங்குங்கள், லட்சம் கிலோமீட்டர் வரும் என்றார். இந்த வண்டி லட்சம் கிலோமீட்டர் ஓடுவதற்குள் நானும் இருக்க மாட்டேன், கடையும் இருக்காது. சாதா நிக்கல் முனையே போதும் என்றேன். ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகி முனைகளின் இடைவெளி பார்த்தபோது ஒன்று மட்டும் அழுந்தியிருந்தது. வரும் வழியில் அடிபட்டிருக்க வேண்டும். அதை நெம்பிச் சரிசெய்தேன்.

மாட்டுவதுதான் எனக்குப் பயம். ஜாவா ஞாபகம். அடுப்பங்கரையில் பழைய கேஸ் டியூப் கிடந்தது. ஒரு முழம் வெட்டி, பிளக்கின் தலையில் செருகி, குழிக்குள் இறக்கி, டியூப்பை விரலால் உருட்டினேன். மரை நேராகப் பிடித்தால் பிளக் வெண்ணெய் மாதிரி சுற்றிக்கொண்டே இறங்குகிறது. கோணலாக விழுந்தால் டியூப் வழுக்கிக்கொள்ளும், மரைக்குச் சேதமில்லை. 1978-ல் இது தெரிந்திருந்தால் உங்கள் அப்பச்சிக்கு மரை போன இடத்தில் போட்ட புஷ் செலவு மிச்சம். கையால் முழுக்க இறங்கி வாஷர் உட்கார்ந்த பிறகுதான் ராட்செட்டை எடுத்தேன். அதற்கு மேல் அரைச் சுற்றும் கொஞ்சமும். பெரியப்பச்சியின் டிரைவர் மரையில் கிரீஸ் தடவுவார். நான் தடவவில்லை. புதுப் பிளக்கின் மரைக்கு முலாம் உண்டு. கிரீஸ் போட்டால் கைக்குத் தெரியாமல் கூடுதலாக இறுகிப்போகும்.

சாவியைத் திருப்பினேன். ஒரே அடியில் பிடித்தது. அன்றைக்கே திருமயம் தாண்டிப் புதுக்கோட்டை வரை போய் வந்தேன். மறுநாள் காலை ஆசை தாங்காமல் ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். வெளிர்பழுப்பு. திருமயம் கோட்டையைச் சுற்றி வரும் வளைவில் பெரியப்பச்சி வேகத்தைக் குறைக்கவே மாட்டார், ஞாபகமிருக்கிறதா? நான் குறைத்தேன். நின்ற இடத்தில் இன்னும் லேசான ஆட்டம் இருக்கிறது. இஞ்சின் மவுண்ட் ரப்பராக இருக்கலாம். அது பிறகு.

ஞாயிற்றுக்கிழமை பூஜையை நிறுத்திவிட்டேன். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, முப்பது நாற்பது கிலோமீட்டர், எங்காவது. போன தடவை ஆச்சியையும் ஏற்றிக்கொண்டு குன்றக்குடி போனேன். ஏசி வேலை செய்யவில்லை என்பதை வழிநெடுக நினைவுபடுத்திக்கொண்டே வந்தார்.

இப்போது அந்த மூன்றாவது குழி எண்ணெய். மேல் மூடியின் ரப்பர் காஸ்கெட் காய்ந்துவிட்டது, அங்கிருந்துதான் கசிகிறது. இங்கே கிடைக்கவில்லை. பெங்களூரில் தேடிப் பார். பிளக் குழிகளைச் சுற்றி வரும் ரப்பரும் சேர்ந்த செட்டாக இருக்க வேண்டும், வெளி வளையம் மட்டும் கொடுத்தால் வாங்காதே. சேசிஸ் நம்பரைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். மாசியில் முன்னோர் படைப்புக்கு வரும்போது கையோடு கொண்டு வா. ஸ்டேஷனுக்கு நானே வண்டியோடு வருகிறேன். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

அன்புடன்,
லெட்சுமணன்