பெர்னிக்குப் போன காலுறை

வெஸ்ட் டி மொய்ன், அயோவா
ஞாயிறு, 26 ஜனவரி 2020

அன்புள்ள கண்ணா,

பொங்கலன்று யாருக்கு ஓட்டு என்று சண்டை போட்டு நீ போனை வைத்து இன்றோடு பதினோரு நாள். அதற்கப்புறம் வாட்ஸாப்பில் ஒரு கட்டைவிரல், அவ்வளவுதான். சரி, இங்கிலீஷில் வாதம் பண்ணினால் நான் தோற்கிறேன், தமிழில் பண்ணினால் நீ தோற்கிறாய். அதனால் எழுதிவிடுகிறேன். மெதுவாகப் படி. புரியாத வார்த்தையைச் சத்தமாகப் படித்துப் பார், காதுக்குப் புரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பில் அப்படித்தானே தப்பித்தாய்.

முதலில் வீட்டு நிலவரம். டிரம்ப்பை எதிர்த்து டெமாக்ரட் கட்சியில் யார் நிற்பது என்று முடிவு செய்ய, பிப்ரவரி 3 அன்று இங்கே காக்கஸ், அதாவது கட்சிக்காரர்கள் ஓரிடத்தில் கூடி ஆளெண்ணும் கூட்டம். அப்பா பைடன் பக்கம். காரணம் கேட்டால் "பார்த்த முகம்" என்கிறார். எட்டு வருஷம் துணை ஜனாதிபதி, ஒபாமா பக்கத்தில் நின்றவர், டிரம்ப்பைத் தோற்கடிப்பார், கதை முடிந்தது. மேற்கொண்டு பேசினால் சேனலை மாற்றிவிடுவார். மேட்ரிட் கோயிலில் பொங்கல் சாப்பாட்டு வரிசையில் நின்ற ஒன்பது பேரைக் கேட்டேன், ஆறு பெயர் வந்தது. ஆண்ட்ரூ யாங் மாதம் ஆளுக்கு ஆயிரம் டாலர் தருவதாகச் சொல்கிறார் இல்லையா, ஒரு மாமா சாம்பார் வாளிக்கு முன்னாலேயே நின்று தன் வீட்டுக் கணக்கைப் போட்டுக் காட்டினார். நாலு பேர், நாலாயிரம். பதினெட்டு வயது ஆனவர்களுக்குத்தான் அந்தப் பணம் என்று சொல்லி நல்ல நாளில் அவர் மனதைக் கெடுக்க வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

கமலா இருந்திருந்தால் எனக்கு இந்தக் குழப்பமே இல்லை. நாளையோடு ஒரு வருஷம் ஆகிறது, உன் ஓக்லண்டில் அவர் போட்டியை அறிவித்த கூட்டம். நீ அந்தப் பக்கம் போய்விட்டு வந்து, "அம்மா, செம கூட்டம்" என்று சொன்னாய். சென்னையில் பிறந்து 19 வயதில் இங்கே படிக்க வந்த ஒருத்தியின் மகள் ஜனாதிபதி பதவிக்கு நிற்கிறாள் என்பதில் எனக்கு இருந்த சந்தோஷம் அரசியல் சந்தோஷம் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். நவம்பரில் நடிகை மிண்டி கேலிங்கோடு மசாலா தோசை சுட்ட வீடியோவை நாலு குரூப்பில் அனுப்பினேன். அடுத்த வாரம், டிசம்பர் 3, விலகிவிட்டார். தோசைக்கல் ஆறுவதற்குள்.

இப்போது நம் சண்டைக்கு வருகிறேன். பொங்கலுக்கு முதல் நாள் இங்கே டிரேக் பல்கலைக்கழகத்தில் விவாதம். மேடையில் ஆறு பேர். ஒரு பெண்ணால் ஜெயிக்க முடியாது என்று உன் ஆள் பெர்னி சாண்டர்ஸ் தன்னிடம் சொன்னதாக எலிசபெத் வாரன் சொல்ல, சொல்லவே இல்லை என்று பெர்னி சொல்ல, அடுத்த நாள் நம் வீட்டிலும் அதே பாட்டு. "நான் போடமாட்டேன்னு சொல்லல அம்மா, ஜனங்க போடமாட்டாங்கன்னு சொல்றேன்" என்றாய். அந்த 'ஜனங்க' யார்டா? இந்த ஊரில் கதவைத் தட்டினால் எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். எனக்கு ஒன்றுமில்லை, பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கமாட்டார் என்று. பக்கத்து வீட்டில் கேட்டால் அவர் நம்மைக் காட்டுகிறார். நான் கும்பகோணத்தில் இருந்தபோது, 1991-இல், ஒரு பெண் முதலமைச்சர் ஆனார். அந்த அம்மாவின் ஆட்சியோடு எனக்கு ஆயிரம் தகராறு உண்டு. ஆனால் பெண்ணுக்கு யார் போடுவார்கள் என்ற கேள்வி எங்கள் தெருவில் எழுந்து நான் கேட்டதில்லை. வாரன் அன்று மேடையில் சொன்னதையும் நீ கேட்டிருப்பாய்: அங்கே நின்ற ஆண்கள் எல்லோரும் சேர்ந்து பத்துத் தேர்தலில் தோற்றிருக்கிறார்கள், நின்ற தேர்தல் எல்லாவற்றிலும் ஜெயித்தவர்கள் இரண்டு பெண்கள்தான் என்று. அந்த இரண்டாவது பெண்தான் என் ஆள்.

மினசோட்டா செனட்டர் எய்மி குளோபுச்சார் என்றதும் நீ சிரித்தாயே, அந்தச் சிரிப்புக்குத்தான் எனக்குக் கோபம். இந்த ஊர் ரெஜிஸ்டர் பத்திரிகையின் கருத்துக் கணிப்பில் பெர்னிக்கு 20 சதவீதம், வாரனுக்கு 17, பூட்டிஜெஜுக்கு 16, பைடனுக்கு 15, எய்மிக்கு வெறும் 6. "ஓட்டை எதுக்கு வேஸ்ட் பண்ணணும்?" என்றாய். உன் கலிஃபோர்னியாவில் அது சரியான கேள்வி. இங்கே இல்லை.

2016-ஐ உனக்கு நான் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. குடியுரிமை வாங்கி எனக்கு அதுதான் முதல் காக்கஸ். உன் பழைய ஸ்கூல் ஜிம்தான் இடம். ராத்திரி ஏழு மணிக்குக் கதவை மூடி வரிசையை முடித்தார்கள். ஹிலரிக்கு ஒரு சுவர், பெர்னிக்கு எதிர்ச்சுவர், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மூன்றாவது வேட்பாளர் ஓமாலியின் ஆட்கள் ஏழு பேர். உன் தாத்தா யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பது கடைசிவரை பாட்டிக்கே தெரியாது. நான் அட்டை மறைப்புக்குப் பின்னால் முத்திரை குத்தி, ஈரம் ஒட்டாமல் மடித்துப் பெட்டியில் போட்டு வளர்ந்தவள். இங்கே என்னடாவென்றால், நம் வீட்டு முன்னால் பனி தள்ளித் தருகிறாரே அந்த மனுஷர், எதிர்ச்சுவரில் நின்று எனக்குக் கையாட்டுகிறார்! எண்ணும்போது எல்லோரும் கையைத் தூக்கி, ஆளுக்கு ஒரு எண் சொல்லிக் கையை இறக்கவேண்டும். என் முறை வந்தபோது தொண்டை அடைத்தது. "ஃபார்ட்டி செவன்" என்றேன். இந்த ஊருக்கு வந்த பதினெட்டு வருஷத்தில் பத்துப் பேருக்கு மேல் இருந்த கூட்டத்தில் நான் வாயைத் திறந்தது அன்றுதான்.

ஒரு வேட்பாளர் தேற, வந்தவர்களில் பதினைந்து சதவீதம் வேண்டும். 120 பேர் வந்தால் 18 பேர். அது இல்லாத கூட்டம் கலைந்து வேறு பக்கம் போகலாம், அல்லது வேறு யாரையாவது சேர்த்துக்கொண்டு தேறலாம். அந்த ஏழு பேரைச் சுற்றி இரண்டு பக்கத்து ஆட்களும் குக்கீ தட்டோடு நின்றதைப் பார்த்திருக்க வேண்டும், பெண் பார்க்கப் போன வீடு மாதிரி. மாநிலம் முழுக்க ஹிலரி அன்று ஜெயித்தது கால் சதவீதத்தில். ஏழு பேர் என்பது சின்ன எண் இல்லை, கண்ணா.

அதனால் 6 சதவீதம் என்றால் வேஸ்ட் இல்லை. நம் ஜிம்மில் 18 பேர் சேர்ந்தால் எய்மி தேறுவார். சேராவிட்டால் எனக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. முதலில் மனசுக்குப் பிடித்த இடத்தில் நின்று பார்க்கலாம். இப்படி ஒரு வசதி எந்த ஊரில் தருகிறார்கள்?

அப்புறம் நீ கடைசியாகக் கேட்டது. "உன் வேலைக்குப் பயந்துதானே மெடிகேர் ஃபார் ஆல் வேண்டாங்கிற?" தனியார் இன்ஷூரன்ஸுக்குப் பதில் எல்லோருக்கும் அரசாங்க மருத்துவ இன்ஷூரன்ஸ் என்கிற பெர்னியின் திட்டம். இப்படிக் கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தாய். பதினோரு நாளாக அதையே யோசிக்கிறேன். பயம் இருக்கிறது. இந்த ஊரே இன்ஷூரன்ஸ் ஊர், நம் தெருவில் பாதி வீட்டின் கடன் அந்தச் சம்பளத்தில்தான் கட்டப்படுகிறது. இல்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் 2017-இல் அப்பாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் ஆனதே, ஞாபகம் இருக்கிறதா? ஆஸ்பத்திரி நம் இன்ஷூரன்ஸின் நெட்வொர்க்கில், அதாவது ஒப்பந்தப் பட்டியலில் இருந்தது, சர்ஜன் இருந்தார், மயக்க மருந்து கொடுத்தவர் இல்லை. 2,840 டாலர் பில். மயங்கிக் கிடக்கிற மனுஷர் எழுந்து, "நீங்க நெட்வொர்க்கா?" என்று கேட்டிருக்க வேண்டுமாம். நாலு மாசம் போன் பண்ணினேன். வந்த மறுப்புக் கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் புரட்டியது. அந்த மாதிரிக் கடிதத்தில் எந்தக் காரணத்துக்கு எந்தப் பத்தி அச்சாக வேண்டும் என்று முடிவு செய்கிற கோபால் (COBOL) கம்ப்யூட்டர் ப்ரோகிராமில் வேலை பார்த்தவள் நான். எங்கள் கம்பெனிக் கடிதம் இல்லைதான். ஆனால் அதன் வாக்கியம் எனக்கு மனப்பாடம்.

உன்னைவிட அந்த யந்திரத்தின் மேல் எனக்குக் கோபம் அதிகம். ஆனால் அதன் உள்ளே இருபத்திரண்டு வருஷம் இருந்திருக்கிறேன். 1998-இல் நான் வந்ததே ஒய்2கே வேலைக்கு. வருஷத்தை இரண்டு இலக்கத்திலிருந்து நாலு இலக்கமாக்க ஒரு மாடி முழுக்க ஆட்கள், ராத்திரி பகல், இரண்டு வருஷம். இரண்டே இரண்டு இலக்கம்டா! பெர்னியின் மசோதாவைப் படித்தேன். முதியவர்களுக்கான அரசாங்க இன்ஷூரன்ஸ் மெடிகேரின் வயது வரம்பு முதல் வருஷம் 55, அடுத்து 45, அடுத்து 35, நாலாவது வருஷம் நாடு முழுக்க. அதைப் படித்தபோது எனக்கு அந்த மாடிதான் கண்ணில் வந்தது. அது நிறைவேறச் செனட்டில் 60 ஓட்டு எங்கிருந்து வரும் என்பது அதற்கு முந்தைய கேள்வி.

டிசம்பரில் எய்மி அயோவாவின் 99 கவுண்டியையும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) சுற்றி முடித்தார், அப்போது ஒரு கூட்டத்தில் போய்க் கேட்டேன். அவர் ஊர் ஊராகச் சொல்கிற கதை ஒன்று இருக்கிறது. 1995-இல் மகள் பிறந்தபோது குழந்தைக்கு விழுங்க முடியவில்லை, ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். ஆனால் பெற்றவளை 24 மணி நேரத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள், இன்ஷூரன்ஸ் விதி அப்படி. அப்போது அவர் எந்தப் பதவியிலும் இல்லை. மினசோட்டா சட்டசபையில் போய் நின்றார். சட்டத்தைத் தள்ளிப்போட கம்பெனி ஆட்கள் பார்த்தபோது, கர்ப்பிணித் தோழிகளைக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தார். எப்போதிலிருந்து அமல்படுத்தலாம் என்று கேட்டதற்கு அத்தனை பேரும் "இப்போதே" என்றார்களாம். 48 மணி நேரம் சட்டமானது. 1996-இல் நாடு முழுக்கவும் ஒரு சட்டம் வந்தது.

எல்லோரும் கதைக்குச் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை. அந்த 48-ஐ எனக்குத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிரசவ க்ளெய்ம் ப்ரோகிராமில் 24 என்று இருந்த வரியை நட்சத்திரக் குறி போட்டு முடக்கிவிட்டு, கீழே 48 என்று எழுதியிருந்தார்கள். யாரோ கோடர் செய்தது என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். வாசலில் சில பெண்கள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்ததால் மாறிய வரிகளில் அதுவும் ஒன்று. நான் அவர் பக்கம் போனது அங்கேதான். 6 சதவீதமாக இருந்தால் இருக்கட்டும்.

உதவியாளர்களிடம் ரொம்பக் கடுமையாக நடந்துகொள்வார் என்று பேப்பரில் வந்ததை நீ அனுப்பியிருந்தாய், படித்தேன். எனக்கும் பிடிக்கவில்லை. பெர்னியைப் பற்றி நானும் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஈராக் போருக்கு அவர் எதிராக ஓட்டுப்போட்டார், அப்பாவின் ஆள் ஆதரவாகப் போட்டார். முப்பது வருஷமாக ஒரே பேச்சு, காற்றடிக்கிற பக்கம் சாயவில்லை. அக்டோபரில் மாரடைப்பு வந்து, 78 வயதில், திரும்ப மேடை ஏறியிருக்கிறார். அது எனக்குக் கவலைதான், ஆனால் மரியாதையும்தான். டிரம்ப்பின் பதவி நீக்கம் பற்றிச் செனட் விசாரணை நடப்பதால் பெர்னி, வாரன், எய்மி மூன்று பேரும் வாஷிங்டனில் மாட்டிக்கொண்டார்கள், சனி ஞாயிறுதான் இங்கே தலை காட்ட முடிகிறது. நேற்று ராத்திரி ரெஜிஸ்டர் வாரனுக்கு ஆதரவு எழுதிவிட்டது. என் பக்கம் எண்ணிக்கை இன்னும் குறையலாம்.

உன் வேலை ஒன்று இருக்கிறது, தள்ளிப்போடாதே. நீ ஓக்லண்டில் வாக்காளராகப் பதிந்தபோது 'கட்சி விருப்பம் இல்லை' என்று குறித்தாய், எனக்கு நன்றாக ஞாபகம். அப்படிப் பதிந்தவர்களுக்குத் தபாலில் வருகிற சீட்டில் ஜனாதிபதி வேட்பாளர் பெயரே இருக்காது. டெமாக்ரட் சீட்டு வேண்டுமென்று நீதான் கேட்டு வாங்க வேண்டும். பெர்னி பெர்னி என்று கத்திவிட்டு உங்கள் ஊர்த் தேர்தல் நாளான மார்ச் 3 அன்று வெற்றுச் சீட்டோடு நிற்காதே. வந்த அன்றே நிரப்பி அனுப்பவும் வேண்டாம். விலகியவர்கள் பெயரும் அதில் இருக்கும், அதற்குள் இன்னும் சிலர் விலகுவார்கள். உங்களுக்கு நகர்ந்து நிற்க எதிர்ச்சுவர் கிடையாது.

இன்னொன்று. போன வியாழன் சாயங்காலம் பெர்னிக்காக ஒரு பெண் கதவைத் தட்டினாள். உன் வயதுதான் இருக்கும், கலிஃபோர்னியாவிலிருந்து வந்திருக்கிறாளாம், கான்வாஸ் ஷூ! நடுங்கிக்கொண்டே மாணவர் கடனைப் பற்றிப் பேசினாள். உள்ளே கூப்பிட்டுச் சுக்குக் காபி கொடுத்தேன். காலுறை நனைந்து தரையெல்லாம் தண்ணீர். உன் அலமாரியில் ஹைஸ்கூல் காலத்துக் கம்பளிக் காலுறை இருந்தது, சாம்பல் நிறம், கட்டைவிரல் பக்கம் நான் தைத்தது. அதைப் போட்டு அனுப்பினேன். என்னை 'முடிவு செய்யாதவர்' என்று எழுதிக்கொண்டு போனாள். நான் திருத்தவில்லை.

காக்கஸ் 3-ஆம் தேதி, திங்கட்கிழமை. இந்தத் தடவை கையில் அட்டை தருவார்களாம், பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். தேறிய கூட்டத்தில் இருப்பவர்கள் நகரக்கூடாதாம். எய்மி தேறாவிட்டால் நான் எந்தச் சுவருக்குப் போவேன் என்று அப்பா தினமும் கேட்கிறார், சொல்லவில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். இங்கே ஒன்பது மணிக்குள் முடிந்துவிடும், உனக்கு ஏழு. வெளியே வந்ததும் கூப்பிடுவேன், எடு.

அன்புடன்
அம்மா