ஓடைக்கரை யார் பொறுப்பு?

ஆசிரியருக்கு,

புயல் மழை ஓய்ந்து, ஓடையில் வெள்ளம் வடிந்த பிறகுதான் எங்கள் கொல்லைப்புறக் கரை சரிந்தது. ஊறிப்போன மண்ணைத் தாங்கிப் பிடித்திருந்ததே அந்தத் தண்ணீர்தானே. துணி காயப்போடும் கம்பம் இப்போது பாதி அந்தரத்தில் நிற்கிறது. உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டால், "சொந்த நிலம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள்.

சரி, நானே சுவர் எழுப்பினால்? நீரோட்டம் அதில் மோதித் திரும்பி எதிர்க்கரையையோ அடுத்த வீட்டையோ அரிக்கும். ஒரு பொறியாளரை அனுப்பி ஓடை நெடுகப் பார்க்கச் சொல்லுங்கள். கரையின் அடியில் பெருங்கற்கள், மேலே ஆழமாக வேர்விடும் வெட்டிவேர் என எல்லோருக்கும் சேர்த்து ஒரே வேலையாகச் செய்யலாம். செலவில் எங்கள் பங்கைத் தர நாங்கள் தயார். அனுமதியாவது அடுத்த மழைக்கு முன் கிடைக்குமா?

- ஓடைக்கரை வாசகர்