கட்டுச்சோற்றுக்கு ஒரு மரத்தடி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூங்கா என்றாலே சறுக்குமரமும் சிமெண்டு யானையும் வண்ண விளக்கும்தான் என்கிற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. கொங்கு நாட்டுக் குடும்பங்களுக்கு உண்மையில் வேண்டியிருப்பது அவை அல்ல. ஒன்றிரண்டு கிலோமீட்டர் நிழலில் நடக்கவும், கொண்டுபோன சோற்றை மரத்தடியில் உட்கார்ந்து உண்ணவும், ஒரு பகற்பொழுதை அமைதியாகக் கழிக்கவும் இடம் தரும் ஒரு காட்டோரப் பகுதிதான் வேண்டும். அதை எளிய கட்டணத்தில் வனத்துறை ஏற்படுத்தித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதம்.

இது நமக்குப் புதிய பழக்கம் அல்ல. என் சிறு வயதில் ஆடி அமாவாசைக்கு முதல் நாளே வண்டி பூட்டித் திருமூர்த்திமலைக்குப் புறப்பட்டுவிடுவோம். பொள்ளாச்சி, உடுமலை வட்டாரத்து உழவர்கள் மாடுகளுக்குச் சலங்கை கட்டிக்கொண்டு சாரி சாரியாக வருவார்கள். அமணலிங்கேசுவரரை வணங்கிய பிறகு மர நிழலில் கட்டுச்சோற்றைப் பிரிப்போம். வாழை இலைக்குள் இருந்த புளிச்சோற்றில் வறுத்த எள்ளின் வாசமும் இலை வெந்த வாசமும் கலந்து எழும். உண்டு முடித்த இலை மாட்டுக்குப் போகும். தூக்குப்போசி வண்டிக்குப் போகும். அங்கே நாங்கள் விட்டுவந்தவை மூன்று அடுப்புக் கற்களும் கொஞ்சம் சாம்பலும்தான். (இன்று காட்டருகில் அடுப்பு மூட்டவே கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.)

சென்ற மார்கழியில் மகளையும் பேத்தியையும் அழைத்துக்கொண்டு ஆனைமலைத் தொடரின் அடிவாரத்தில் ஓரிடத்துக்குப் போயிருந்தேன். குறை அந்த ஓரிடத்துக்கு மட்டும் உரியது அல்ல என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். காலை எட்டு மணிக்கு அங்கே கிடைத்த அரை மணி நேரத்தை மறக்க முடியாது. சருகெல்லாம் பனியில் நனைந்து கிடந்ததால் நடக்கிற சத்தமே கேட்கவில்லை. ஒரு குக்குறுவான் பறவை கூப்பிட, பள்ளத்துக்கு அப்பாலிருந்து இன்னொன்று பதில் கொடுத்தது. பேத்தி நின்று நின்று அவற்றை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். ஒன்பது மணிக்கு வேனில் வந்து இறங்கிய ஒரு குழுவினர், இடுப்பளவு உயர ஒலிபெருக்கியைப் பாறைமேல் வைத்துப் பாட்டுப் போட்டார்கள். அத்தோடு குக்குறுவான் சத்தம் காதில் விழவில்லை. சோறு உண்ண இடம் தேடினால் எந்த மரத்தடியிலும் உடைந்த புட்டிச் சில்லுகள். கடைசியில் காருக்குள் உட்கார்ந்து உண்டோம்.

வண்டியின் கண்ணாடி வழியாகப் பேத்தி பார்த்த காட்சியையும் சொல்ல வேண்டும். ஒரு குரங்குக் குட்டி சிப்ஸ் பாக்கெட்டுக்குள் தலையை நுழைத்து, உள்ளே ஒட்டியிருந்த உப்பை நக்கிக்கொண்டிருந்தது. தாய்க்குரங்கு அந்தப் பாக்கெட்டின் ஓரத்தைப் பல்லால் கிழித்து, கிழிந்த துண்டையும் சேர்த்தே மென்றது. “அதுக்கு வயிறு வலிக்காதுங்களா அப்பிச்சி?” என்று பேத்தி கேட்டாள். 2025 மே மாதத்தில் மருதமலை அடிவாரத்தில் இறந்துபோன பெண் யானையின் வயிற்றில் நெகிழிக் கழிவு இருந்ததையும், அது கருவுற்றிருந்ததையும் நாளிதழில் படித்த எனக்கு, குழந்தைக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

குரங்குக்குத் தின்பண்டம் கொடுப்பதைப் புண்ணியமாக நினைப்பவர்கள் ஒன்றை எண்ணிப்பார்க்க வேண்டும். நாவலும் அத்தியும் தின்று, அவற்றின் விதைகளைக் காட்டுக்குள் தொலைவில் கொண்டுபோய்ப் போடுகிற வேலையைக் குரங்குகள் செய்கின்றன. சாலையோரத்தில் நம் கையை எதிர்பார்த்து உட்கார்ந்துவிட்ட குரங்கு பழம் தேடிக் காட்டுக்குள் போவது குறைகிறது. தின்ற பழத்தின் விதையும் தார்ச்சாலையில்தான் விழுகிறது. மனிதரிடம் அச்சம் விட்டுப்போன பிறகு அதுவே பையைப் பிடுங்குகிறது, குழந்தையைக் கடிக்கிறது. பிறகு தொல்லை என்று நாமே புகார் கொடுக்கிறோம்.

எறிகிற குப்பை எறிந்த இடத்திலேயே கிடப்பதும் இல்லை. திருமூர்த்தி அணையை நம்பி உடுமலை தொடங்கிப் பல்லடம், காங்கேயம் வரை 3.77 லட்சம் ஏக்கர் பாசனம் நடக்கிறது. பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்ட (பி.ஏ.பி.) வாய்க்காலில் தண்ணீர் விட்ட முதல் நாள், எங்கள் தோட்டத்து மடையை அடைத்துக்கொண்டு நிற்பவை தண்ணீர் பாட்டில்களும் பிளாஸ்டிக் தம்ளர்களும்தான். அவற்றைக் கையால் அள்ளிப் போட்ட பிறகே பயிருக்குத் தண்ணீர் பாய்கிறது.

2018 மார்ச்சில் குரங்கணியில் நேர்ந்த காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்ற விதிகள் கடுமையாக்கப்பட்டது முற்றிலும் சரியே. 2024 அக்டோபரில் தமிழ்நாடு முழுவதும் 40 மலையேற்றப் பாதைகளை இணையப் பதிவின் மூலம், வழிகாட்டிகளுடன் அரசு திறந்துவிட்டதையும் வரவேற்கிறேன். ஆழியாறு, டாப்சிலிப் பகுதிப் பாதைகளும் அவற்றில் உண்டு. ஆனால் அவை இளைஞர்களுக்கும் செலவு செய்ய வசதி உள்ளவர்களுக்கும் பொருந்துபவை. மூட்டுவலிக்காரப் பாட்டி, ஆறு வயதுப் பிள்ளை, ஞாயிறு ஒருநாள் மட்டுமே விடுப்பு கிடைக்கும் திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளி ஆகியோர் போய்வர என்ன இருக்கிறது? அவர்களுக்கு உரிய இடம் இல்லாததால்தான் கிடைத்த ஓடைக்கரையில் எல்லாரும் இறங்குகிறார்கள்.

நான் கேட்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. புலிகள் காப்பகத்தின் உட்பகுதியைத் தொடாமல், யானை வழித்தடத்தை விட்டு விலகி, அடிவாரத்தில் ஏற்கெனவே மக்கள் கூடுகிற ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். மண்பாதை மண்பாதையாகவே இருக்கட்டும். உட்காரக் கல் பலகைகள், குடிநீர்க் குழாய், பெண்கள் முகம் சுளிக்காமல் போகத்தக்க, தண்ணீர் வசதியுள்ள கழிப்பறை ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். பல இடங்களில் பெண்கள் காலை முதல் தண்ணீரே குடிக்காமல் வந்து திரும்புவதற்குக் காரணம் கடைசியாகச் சொன்ன வசதி இல்லாததுதான். ஒலிபெருக்கியையும் மதுவையும் நுழைவாயிலிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை வண்டிகள்தான் என்று வரம்பும் வேண்டும்.

குப்பைக்கு வழி நம்மிடமே இருக்கிறது. வெள்ளியங்கிரி மலையேறுபவர்களின் தண்ணீர்ப் பாட்டிலில் அடையாள வில்லை (ஸ்டிக்கர்) ஒட்டி, முன்பணம் வாங்கிக்கொண்டு, பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்தால் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். காலி மதுப்புட்டிக்கு 10 ரூபாய் திருப்பித் தரும் முறை 2022-இல் நீலகிரியில் தொடங்கிப் பிற மாவட்டங்களுக்கும் பரவியது. அதே கணக்கை உணவுப் பொட்டலத்துக்கும் பாட்டிலுக்கும் வைக்கலாம். காரமடைக்கு அப்பால் பரளிக்காட்டில் இருளர் மக்களைக் கொண்டே வனத்துறை சூழல் சுற்றுலா நடத்துகிறது. அதுபோல ஆனைமலை அடிவாரத்தில் மலசர், புலையர் குடும்பங்களுக்கு இந்தப் பொறுப்பையும் வருமானத்தையும் கொடுப்பதே முறை; எந்தப் பாதையில் யானை வரும், எந்த மாதம் ஓடையில் திடீரென வெள்ளம் இறங்கும் என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை.

பள்ளிகளின் கோடை விடுமுறை தொடங்குவதற்குள் ஒரே ஓர் அடிவாரத்திலாவது இதைச் சோதனை முறையில் தொடங்குமாறு வனத்துறையையும் மாவட்ட நிர்வாகத்தையும் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நுழைவாயிலில் பாட்டில் கணக்கு எழுத ஆள் வேண்டுமென்றால், என்னைப் போன்ற ஓய்வு பெற்றவர்கள் சிலர் ஊதியம் வாங்காமல் வந்து உட்காரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர்,
உடுமலைப்பேட்டை வட்டம்.