தண்டவாளம் முடியும் இடத்தில் கார்

பொன்மலை, திருச்சி
ஆனி மாதம்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ, மாப்பிள்ளை, குழந்தை மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தொலைபேசியில் நான் பாதி சொல்வதற்குள் நீ குறுக்கிடுகிறாய், நீ பேசும்போது அம்மா குறுக்கிடுகிறாள். ஆகவே அக்டோபர் மாத இத்தாலிப் பயணத்தைப் பற்றி இங்கே நான், அம்மா, சேலம் மாமா, சேலம் அத்தை, வங்கி மாமா என்று ஐவரும் உட்கார்ந்து முடிவு செய்ததை முழுவதுமாக எழுதி அனுப்புகிறேன்; ஆற அமரப் படித்துவிட்டுப் பதில் போடு.

மாப்பிள்ளை அனுப்பிய திட்டத்தை அச்செடுத்து எல்லோரும் படித்தோம். ரோம் விமான நிலையத்திலேயே ஒன்பது பேர் அமரும் வேன் ஒன்றை எடுத்து, நேப்பிள்ஸ், அமால்ஃபி, பாரி, மத்தேரா, சிசிலி என்று பத்தே நாளில் சுற்றி வரச் சொல்லியிருக்கிறார். அவருடைய அக்கறை புரிகிறது, ஆனால் அது நாற்பது வயதுக்காரரின் திட்டம். எங்களில் இளையவளான உன் அம்மாவுக்கே அறுபத்து மூன்று ஆகிறது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் பயண நிறுவனம் ஒன்றை நம்பிப் போய், ரோமாபுரி முழுவதையும் ஒரே பகலில் பேருந்துச் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்தது இன்னும் எங்களுக்கு ஆறவில்லை. ஆகவே இந்த முறை பதினேழு இரவுகள். ரயில் போகும் பெரிய ஊர்களுக்கு ரயில், தண்டவாளம் கைவிடும் இடத்தில் மட்டும் கார். இதை மாப்பிள்ளையிடம் நீயே பதமாகச் சொல்லிவிடு.

ரோமில் இரண்டு இரவுகள். அங்கிருந்து நேப்பிள்ஸுக்கு அதிவேக வண்டி ஒரு மணி பத்து நிமிடத்தில் போய்விடும் என்பது தெரியும். தெரிந்தேதான் பழைய பாதையில், கஸ்ஸினோ வழியாகச் செல்லும் சாதாரண வண்டியைத் தேர்ந்திருக்கிறோம். இரண்டாம் உலகப் போரில், 1944-ல், அந்த ஊரின் மலைமேல் இருந்த மடாலயத்தைக் குண்டு வீசித் தகர்த்த பின்னும் மாதக்கணக்கில் சண்டை நடந்தது. நம் நாட்டுப் படைவீரர்கள் பலர் அங்கே மாண்டார்கள். ஊருக்கு வெளியே உள்ள போர்க்கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்கும் இடம் உண்டு. கஸ்ஸினோவைத் தாண்டி அதே பாதையில் மிஞ்ஞானோ என்று ஒரு சிற்றூர் வரும். கண்ணிவெடியின் மேல் தன் உடலைக் கிடத்தி உடனிருந்தவர்களைக் காத்து உயிர்விட்ட, மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் சுபேதார் சுப்பிரமணியன் விழுந்தது அந்த ஊருக்கு அருகில்தான். ஜார்ஜ் கிராஸ் விருதை அவர் இறந்த பிறகு அறிவித்தார்கள். வண்டி அங்கே ஒரு நிமிடம் நிற்குமோ நிற்காதோ, சன்னல் வழியாகவாவது பார்த்துக்கொள்கிறேன்.

இந்தச் சாதாரண வண்டிகளின் காகிதப் பயணச்சீட்டை, ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள சிறு இயந்திரத்தில் செருகி முத்திரை பதிக்க வேண்டும், மறந்தால் அபராதம். முப்பத்தைந்து வருடம் ரயில்வேயில் இருந்தவன் பயணச்சீட்டு விஷயத்தில் மாட்டிக்கொண்டான் என்ற பேச்சு வரக் கூடாது என்பதால் அந்தப் பொறுப்பை வங்கி மாமாவிடம் ஒப்படைத்துவிட்டேன். பொதுச் செலவுப் பணமும் அவரிடம்தான். இப்போதே கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, அதன் விலையையே முதல் செலவாக எழுதி வைத்திருக்கிறார்.

நேப்பிள்ஸில் மூன்று இரவுகள், நடுநிலையத்துக்கு அருகிலேயே. அந்த நிலையத்தின் அடித்தளத்திலிருந்து வெசூவியஸ் எரிமலையைச் சுற்றிச் செல்லும் சிறு ரயில் புறப்படுகிறது. அது வேறு நிறுவனத்தின் வண்டி, பயணச்சீட்டும் வேறு. கூட்டம் நெரியும், பையைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எல்லோரும் எச்சரிக்கிறார்கள். தாம்பரம் மின்வண்டியில் போய்வந்தவர்களுக்கு அது புதிதில்லை. பாம்பெய்க்கு அதில் முக்கால் மணி நேரம் கூட ஆகாது. கி.பி. 79-ல் சாம்பலில் மூழ்கிய அந்த ஊருக்கு ஒரு நாள் முழுவதும் ஒதுக்கியிருக்கிறோம்; வெயில் ஏறும் முன் காலையில் இரண்டு மணி நேரம், நிழலில் ஓய்வு, பிறகு மீண்டும் இரண்டு மணி நேரம்.

எனக்கும் சேலம் மாமாவுக்கும் மட்டும் மற்றொரு பாதி நாள் வேண்டும். இத்தாலியின் முதல் ரயில் 1839 அக்டோபர் 3 அன்று நேப்பிள்ஸிலிருந்து போர்ட்டிச்சிக்கு ஓடியது. நம் ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கு முதல் வண்டி புறப்பட்டது 1856 ஜூலை 1-ல். அந்தப் பழைய பாதையின் ஓரத்தில், கடலைப் பார்த்தபடி, பியெத்ரார்சா என்ற இடத்தில் அவர்களுடைய அரசர் காலத்து எஞ்சின் பட்டறை ஒன்று இருக்கிறது. இப்போது அதுதான் ரயில்வே அருங்காட்சியகம். பொன்மலைப் பட்டறையில் வேலை பார்த்த இருவர் நேப்பிள்ஸ் வரை போய் அதைப் பார்க்காமல் திரும்பினால் ஊரில் யாரும் மதிக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் அம்மாவும் சேலம் அத்தையும் கடைவீதி போகட்டும்.

அங்கிருந்து தீபகற்பத்தின் குறுக்கே பாரிக்கு ரயில், கசேர்த்தாவில் வண்டி மாற வேண்டியிருக்கும். புதிய அதிவேகப் பாதை வேலை நடப்பதால் சில நாட்களில் ஒரு பகுதியைப் பேருந்தில் கடக்க வைக்கிறார்கள் என்று படித்தேன். நாங்கள் போகும் தேதியில் நிலைமை என்ன என்பதை மட்டும் நீ பார்த்துச் சொல்.

கார் எடுப்பது பாரியில். புலியா மாநிலத்தின் உள்ளூர்களுக்குச் சிறு ரயில்கள் உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றை நம்ப முடியாது, நாங்கள் தங்கப்போகும் ஆலிவ் தோப்பு வீட்டுக்கு அருகில் நிலையமும் இல்லை. ஓட்டுவது நானும் சேலம் மாமாவும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் உரிமத்துக்கு இருவரும் விண்ணப்பித்தாயிற்று. அது ஓராண்டுக்குத்தான் செல்லும். கியர் மாற்றத் தேவையில்லாத வண்டியைக் கேட்டு முன்பதிவு செய்ய வேண்டும், கேட்காவிட்டால் கியர் வண்டியைத்தான் கொடுப்பார்கள். சாலையின் வலப்பக்கம் ஓட்டுவதற்கே மூளை முழுவதும் தேவைப்படும்போது, இடக்கையால் பழகிய கியரை வலக்கையால் தேட முடியாது. முன்பணத்தைப் பிடித்து வைக்க ஓட்டுபவர் பெயரிலேயே கடன் அட்டை வேண்டும் என்கிறார்கள். என்னுடையது போதுமா என்று மாப்பிள்ளையைக் கேட்டுச் சொல். எங்கள் வயதுக்கு ஏதேனும் கட்டுப்பாடு உண்டா என்பதையும் அவர் விசாரிக்கட்டும்.

அமால்ஃபி கடற்கரைச் சாலையில் ஓட்ட மாட்டோம். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பாதாளம், எதிரே பேருந்து. கூட்ட நாட்களில் எண்பலகையின் ஒற்றைப்படை, இரட்டைப்படை பார்த்துத்தான் விடுகிறார்கள். சலேர்னோவிலிருந்து படகில் போய்ப் பார்ப்போம். நான் அதைவிட அஞ்சுவது பழைய ஊர்களின் நடுவே உள்ள தடைப் பகுதிகளைத்தான். உள்ளூர் வண்டிகளுக்கு மட்டும் அனுமதி என்ற பலகையைக் கவனிக்காமல் நுழைந்தால் கேமரா எண்ணைப் பதிந்துகொள்ளும். யாரும் தடுக்க மாட்டார்கள். மாதங்கள் கழித்து அபராதச் சீட்டு வீட்டுக்கு வரும், கார் நிறுவனமும் தன் பங்குக்குக் கட்டணம் பிடிக்கும். அதனால் எந்த ஊரானாலும் மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடப்பது என்று விதி செய்திருக்கிறோம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு சோதனை செய்தோம். ஐந்து பேரின் பெட்டிகளையும் எங்கள் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவரச் சொல்லி, சேலம் மாமாவின் காரின் டிக்கியில் அடுக்கிப் பார்த்தோம். நிமிர்த்தி வைத்தால் மூன்று, படுக்க வைத்தால் இரண்டு. சேலம் அத்தையின் சிவப்புப் பெட்டி ஒன்றே பாதி டிக்கியை அடைத்துக்கொண்டது. மூடியை அழுத்தி மூடியபோது உள்ளேயிருந்து பிரஷர் குக்கரின் விசில் உருண்டு விழுந்தது. அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு, விமானத்தில் கையோடு எடுத்துச் செல்லும் அளவில் ஆளுக்கு ஒரு சிறு பெட்டி என்று முடிவானது. குக்கர் சேலத்துக்கே திரும்பிவிட்டது. பால் பொருட்களை வெளிநாட்டிலிருந்து உள்ளே கொண்டுவர விடமாட்டார்கள் என்பதால் உனக்காக அம்மா காய்ச்சிய நெய்யும் நின்றுவிட்டது. பருப்புப் பொடி வரும்.

சாப்பாட்டைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். புலியா ஏழை உழவர்களின் சமையலால் பெயர் பெற்ற இடம். காய்ந்த அவரை வகைப் பருப்பை மசித்து, கசப்புக் கீரையை வதக்கி மேலே வைத்து, ஆலிவ் எண்ணெய் விட்டுத் தருவார்களாம். நம் கீரைக் கடையலுக்கு அது தங்கை முறை. காது வடிவப் பாஸ்தாவையும் கீரையோடுதான் செய்கிறார்கள். ஆனால் அதில் நெத்திலி கரைந்திருக்கும், கேட்டு வாங்க வேண்டும். இரவு ஏழரை மணிக்கு முன் உணவகம் திறக்காது என்பதுதான் வங்கி மாமாவுக்கு வருத்தம். அவர் ஏழு மணிக்கே தூங்க ஆயத்தமாகிறவர்.

ஐந்து இரவுகள் அந்தத் தோப்பில் தங்கிக்கொண்டே அல்பெரோபெல்லோ, லெச்சே, ஒத்ராந்தோ எல்லாம் போய்வருவோம். அல்பெரோபெல்லோவில் சுண்ணாம்புக் கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கிக் கூம்பாகக் கூரை எழுப்பியிருக்கிறார்கள். வரி வசூலிக்க ஆள் வந்தால் சட்டென்று பிரித்துப் போடுவதற்காக அப்படிக் கட்டினார்கள் என்பது ஊர்க்கதை. பிரிந்திசித் துறைமுகத்துக்கு ஒரு மாலை. 1914 வரை லண்டனிலிருந்து இந்தியாவுக்கு வந்த தபால், ரயிலில் பிரிந்திசி வரை வந்து அங்கேதான் கப்பலேறியது. 1931 டிசம்பரில் வட்டமேசை மாநாடு முடிந்து காந்தியடிகள் பம்பாய்க்குக் கப்பல் ஏறியதும் அங்கிருந்துதான்.

பிறகு மத்தேராவில் இரண்டு இரவுகள். பாறையைக் குடைந்த வீடுகளில் மக்கள் ஆடு மாடுகளோடு வாழ்ந்ததை நாட்டுக்கே அவமானம் என்று சொல்லி 1952-ல் சட்டம் இயற்றி வெளியேற்றினார்கள். அதே குகைகளை 1993-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்றது. இப்போது அவற்றில் தங்கும் விடுதிகள். படிகள் ஏராளம் என்பதால் அம்மாவின் முழங்காலை நினைத்து, மேல்தளத்தில், சாலைக்கு அருகில் அறை பார்த்திருக்கிறேன். அங்கிருந்து ஒரு காலை, காரை நிறுத்திவிட்டு அல்தமூராவுக்குச் சிறு ரயிலில் போய் அந்த ஊர் ரொட்டி வாங்கி வருவேன். பாதையின் அகலம் 950 மில்லிமீட்டர், நம் மீட்டர் கேஜை விட ஐந்தே சென்டிமீட்டர் குறைவு. காருக்கு வாடகை கொடுத்துவிட்டு ரயிலில் போவானேன் என்று அம்மா சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

மத்தேராவிலிருந்து பொத்தென்சா வழியாக மலைச்சாலையில் வந்து, பேஸ்டமில் உள்ள மூன்று கிரேக்கக் கோயில்களைப் பார்த்துவிட்டு, சலேர்னோவில் இரண்டு இரவுகள் தங்கி, அங்கேயே காரை ஒப்படைக்கிறோம். ஓரிடத்தில் எடுத்து மற்றோரிடத்தில் விடுவதற்குத் தனிக் கட்டணம் உண்டு. அதற்குச் சம்மதித்துத்தான் இருக்கிறோம்.

இனி நான் உன்னிடம் கேட்க வந்தது. சலேர்னோவிலிருந்து சிசிலிக்கு விமானத்தில் போகலாமே என்கிறார் மாப்பிள்ளை. கண்ணம்மா, இந்தப் பயணம் முழுவதையும் விட்டுக்கொடுத்தாலும் அந்த ஒரு ரயிலை விட மாட்டேன். வில்லா சான் ஜியோவான்னி என்ற துறைமுகத்தில் பெட்டிகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஷண்டிங் செய்து, கப்பலின் வயிற்றுக்குள் பதித்திருக்கும் தண்டவாளத்தில் ஏற்றுவார்கள். பயணிகள் மேல்தளத்துக்கு ஏறிக் கடலைப் பார்க்கலாம். மெஸ்ஸினா நீரிணை மிகக் குறுகிய இடத்தில் மூன்று கிலோமீட்டர்தான். கடலில் அரை மணி நேரம், பிரித்துக் கோப்பதையும் சேர்த்தால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். பாலம் கட்டப்போகிறோம் என்று அவர்கள் பல காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கட்டிவிட்டால் அந்தக் கப்பலுக்கு வேலை இராது.

உன் தாத்தா மண்டபத்தில் ரயில்வேயில் இருந்தது உனக்குத் தெரியும். தனுஷ்கோடி வரை ரயிலில் போய், இறங்கிக் கப்பல் ஏறி, தலைமன்னாரில் மீண்டும் ரயில் பிடித்துக் கொழும்புக்குப் போகும் போட் மெயிலில் என்னை ஒரு நாள் கூட்டிப்போவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, 1964 டிசம்பர் புயலில், வண்டியும் போனது, ஊரும் போனது. பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஆகவே சலேர்னோவிலிருந்து பகல் வண்டியில் முன்பதிவு செய். இரவு வண்டி வேண்டாம், கப்பலில் ஏறும்போது எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஐந்து இருக்கைகளும் ஒரே பெட்டியில் இருக்க வேண்டும். தெற்கு நோக்கிப் போகையில் கடல் வலப்பக்கம் வரும், அந்தப் பக்கத்துச் சன்னல் எனக்கு. சிசிலியில் மூன்று இரவுகள், பிறகு கத்தானியாவிலிருந்து விமானத்தில் உங்களிடம்.

விசாவைப் பற்றிய உன் கேள்விக்குப் பதில்: அதிக நாட்கள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், உங்கள் வீட்டில் பத்து நாட்கள் இருந்தாலும் நாங்கள் இத்தாலிக்கே விண்ணப்பிக்கிறோம். சென்னையில் அடுத்த வியாழக்கிழமை நேரம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் சலேர்னோ வண்டியின் முன்பதிவுத் தாளை அனுப்பிவிடு. வங்கி மாமா கோப்பில் அதற்கென்று ஓர் உறையை ஒட்டி வைத்துக்கொண்டு தினமும் கேட்கிறார்.

அன்புடன்,
அப்பா