மறுபாதி சொன்னவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஏற்காட்டிலிருந்து இறங்கி மூன்று நாள் ஆகிவிட்டது. இன்னமும் காதுக்குள் வசனங்கள்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. நேரில் பார்த்து நன்றி சொல்லலாம் என்றால் பாதிப் பேரின் முகவரிகூட என்னிடம் இல்லை. அதனால்தான் எல்லோருக்குமாக இந்த மடல்.

வர முடியாதவர்களுக்காக முதலில் ஒரு வார்த்தை. தை மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பழைய காமிக்ஸ் வசனங்கள் யாருக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று ஒருவரை ஒருவர் சோதித்துப் பார்க்க 34 பேர் மலையேறினோம். ஆட்டம் எளிது. ஒருவர் பலூனின் (படத்துக்குள் வசனம் எழுதிய கூட்டின்) முதல் பாதியைச் சொல்வார், எதிரணி மறுபாதியைச் சொல்ல வேண்டும். சொல் பிசகாமல் சொன்னால் 2 மதிப்பெண். கருத்து சரியாக இருந்து சொல் மாறினால் 1. பேசியது யார், எந்தக் கதை என்றும் சேர்த்துச் சொன்னால் இன்னொன்று. சந்தேகம் வந்தால் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட வேண்டும், அதற்குமேல் பேச்சில்லை.

நாங்கள் ஒரு மாதம் முன்பே சொல்லி வைத்திருந்த இடத்தை முந்தின நாள் ராத்திரி வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேன் சொல்லியாயிற்று, சாப்பாடு சொல்லியாயிற்று, ஓசூரிலிருந்தும் கரூரிலிருந்தும் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். அந்த நேரத்தில் போன் செய்தது ஒரு காபித் தோட்டத்து மேஸ்திரிக்கு. அவருக்கும் எனக்கும் ஒரே ஒரு முறை பார்த்த பழக்கம்தான். "களத்து ஓரத்துல கொட்டாய் சும்மாதாங்க கெடக்குது, வந்து உக்காருங்க. காயற பழத்த மிதிக்காம இருந்தாப் போதும்" என்றார். முதலாளியிடம் பேசி அனுமதி வாங்கியதும் அவரேதான். அந்த ஒரு போனில் எங்கள் மானத்தைக் காப்பாற்றிய மேஸ்திரி அண்ணனுக்கு முதல் நன்றி.

அந்தக் களத்தை நான் மறக்க மாட்டேன். அறுவடை நேரம். காபிப் பழங்கள் சிவப்பும் கறுப்புமாகக் காய்ந்துகொண்டிருந்தன. இரண்டு அம்மாக்கள் அவ்வப்போது பலகையால் அவற்றைக் கிளறிவிட்டபடி நாங்கள் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காலையில் பனி மூட்டம், பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். கொட்டாய்க்குள் சாக்கும் புளித்த பழமும் கலந்த ஒரு வாசம். அதோடு பழைய காகித வாசமும் சேர்ந்துகொண்டது.

காகித வாசம் என்றதும் சேலம் குகைப் பகுதியிலிருந்து வந்த எங்கள் ஓய்வுபெற்ற தபால்காரர் ஐயாவைச் சொல்லியாக வேண்டும். விடை சரிபார்க்கப் புத்தகம் வேண்டுமே? இரும்புப் பெட்டி நிறைய அவர்தான் கொண்டு வந்தார். வேனில் மேலே கட்டலாம் என்றதற்கு ஒப்பவில்லை. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் மடியில் வைத்தே வந்தார். பெட்டிக்குள் நான்கு மூலையிலும் வசம்புத் துண்டு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனித்தனி உறை. பின் அடித்த இடத்தில் துரு இறங்கிப் பக்கத்தில் ஒரு பழுப்பு வட்டம். அவர் பக்கத்தைப் புரட்டுவதில்லை. இரண்டு விரலால் மேல் மூலையை மெல்லத் தூக்கி, அது தானாகச் சாயும்வரை காத்திருப்பார். அன்றைக்கு எத்தனை முறை அப்படித் தூக்கியிருப்பார்! ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. ஐயா, யாருக்கும் இரவல் தராத உங்கள் பெட்டியை எங்களுக்காகத் திறந்தீர்கள். வாழ்நாள் முழுக்க நினைவிருக்கும்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து தட்டுவடை செட்டு கொண்டு வந்த தம்பிக்கும் நன்றி. தட்டுவடை தனி, காய்த்துருவல் தனி, இரண்டு சட்னியும் தனித்தனி எனக் கொண்டுவந்து, கேட்கக் கேட்கச் சேர்த்துக் கொடுத்தார். அதைவிட, வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் துண்டும் வைத்து, கை கழுவாமல் ஒருவரையும் உள்ளே விடாமல் நின்றாரே, அதற்குத் தனி நன்றி. ஒரு பக்கத்தில்கூட எண்ணெய் படவில்லை.

அப்புறம் அந்த மாயாவி சண்டை. முதல் சுற்றிலேயே "மாயாவி சொன்னது" என்று ஒருவர் ஆரம்பித்தார். எதிரணி திருதிருவென விழித்தது. கால் மணி நேரம் வாக்குவாதம். கடைசியில்தான் புரிந்தது, கேட்டவருக்கு மாயாவி வேறு, எதிரணிக்கு மாயாவி வேறு. முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு மாயாவி என்றால் இரும்புக்கை மாயாவி. 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழே அவர்தான். லூயிஸ் கிராண்டேல், மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். ராணி காமிக்ஸ் படித்தவர்களுக்கோ மாயாவி என்றால் முகமூடி வீரர், மண்டையோட்டு மோதிரக்காரர். அதே ஆளைத்தான் இந்திரஜால் காமிக்ஸில் படித்தவர்கள் வேதாளர் என்கிறார்கள். லீ ஃபாக் 1936-ல் படைத்த ஒரே மனிதருக்கு தமிழில் இரண்டு பெயர். அதில் ஒரு பெயருக்கு இரண்டு மனிதர்கள். இதைப் பொறுமையாக விளக்கி இரு அணியையும் உட்கார வைத்த கணக்கு டீச்சருக்கு நன்றி. அவர் அன்று நடுவராக இல்லாவிட்டால் மதியச் சாப்பாடு நாலு மணிக்குத்தான்.

அடுத்த தகராறு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு வசனம் 'முடியாது' என்று முடிகிறதா, 'இயலாது' என்று முடிகிறதா? "ரெண்டும் ஒண்ணுதானே, 2 மதிப்பெண் குடுங்க" என்றது ஒரு தரப்பு. கொடுக்கக் கூடாது என்றேன் நான். வெள்ளையும் கறுப்புமான அந்தச் சின்னப் படத்துக்குள், முகத்தையும் துப்பாக்கியையும் மறைக்காத ஒரு பலூன். வேற்றுமொழியில் நாலு சொல்லில் முடிந்ததைத் தமிழில் சொல்ல நீளமான எழுத்து, குறைந்த இடம். அதற்குள் அடங்க வேண்டும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒரு சொல்லை எடுத்து, இன்னொன்றை விட்டிருக்கிறார். பெரும்பாலும் அவர் பெயர்கூட அச்சாகவில்லை. அவர் தேர்ந்தெடுத்த சொல்லைத்தானே நாம் இத்தனை வருஷம் சுமக்கிறோம்? அதனால்தான் நான் விடவில்லை. கோபித்துக்கொண்ட நண்பர் பிறகு வந்து தோளில் கை போட்டார், அவருக்கும் நன்றி.

அந்தப் பெயர் தெரியாத மொழிபெயர்ப்பாளர்களுக்கும், அச்சுக் கோத்தவர்களுக்கும் எங்கள் எல்லோர் சார்பிலும் வணக்கம். சிவகாசியில் முத்து காமிக்ஸைத் தொடங்கிய சௌந்திரபாண்டியன் அவர்களுக்கும், 1984-ல் லயன் காமிக்ஸைத் தொடங்கி இன்றுவரை நடத்திவரும் ஆசிரியர் விஜயன் அவர்களுக்கும் கொட்டாயில் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினோம். லயனும் ராணியும் ஒரே ஜூலையில் வந்தவை. அந்த மாதம் கையில் காசு இருந்த பிள்ளைகள் எவ்வளவு கொடுத்து வைத்தவர்கள்! கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லரை 'இரவுக் கழுகார்' என்றும் அவர் தோழர் கார்சனை 'வெள்ளிமுடியார்' என்றும் சொல்லும்போது, 1948-ல் இத்தாலியில் பிறந்தவர்கள் என்ற நினைப்பே வருவதில்லை. நம் பக்கத்துத் தெருப் பெரியவர்கள் மாதிரி இருக்கிறது.

கல்லூரியில் படிக்கும் அந்தத் தங்கைக்கும் சொல்ல வேண்டும். வந்திருந்தவர்களில் வயதில் சின்னவர். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல்தான் பின்னாளில் நம் ஸ்பைடருக்கும் (ஸ்பைடர்மேன் இல்லை, இவர் வேறு) கதை எழுதினார் என்று அவர் சொன்னபோது ஐம்பது வயசு ஆட்கள் வாயைப் பிளந்தார்கள். அப்பாவின் அட்டைப்பெட்டியில் கிடைத்ததைப் படித்து வளர்ந்தாராம்.

இனி அக்காவைப் பற்றி.

எங்கள் வேனை ஓட்டி வந்த தம்பியின் அம்மா, பொன்னம்மாப்பேட்டைக்காரர். மலை பார்த்து நாளாயிற்று என்று மகனோடு வந்திருந்தார். கொட்டாய் வாசலில் கிளறிக்கொண்டிருந்த அம்மாக்களோடு பேசிக்கொண்டிருந்தார். மூன்றாவது சுற்றில் ஒரு பலூன், இரு அணிக்கும் தெரியவில்லை. நடுவர் விடையைச் சொல்ல வாயெடுக்கும்போது வாசலிலிருந்து மறுபாதி வந்தது. ஒரு எழுத்துப் பிசகவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்க்க, அக்கா வெட்கப்பட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

உள்ளே அழைத்து உட்கார வைத்துக் கேட்டோம். ஐந்து கேட்டதில் ஐந்தும் சொன்னார். ஆனால் ஒரு காமிக்ஸைக்கூடத் தன் கையால் பிரித்துப் பார்த்ததில்லை என்றார்! வீட்டில் தறி. அப்பாவும் அம்மாவும் நெய்வார்கள், இவர் தார் (நாடாவுக்குள் போகும் ஊடை நூல்) சுற்றுவார். அண்ணனுக்குக் கால் சரியில்லாததால் தறியில் உட்கார முடியாது. வாடகைக்குப் புத்தகம் எடுத்து வந்து திண்ணையில் இருந்தபடி வீட்டுக்கே படித்துக் காட்டுவாராம். "நாடா ஓடற சத்தத்துக்கு மேல கேக்கணும்னு கத்திப் படிப்பானுங்க. டுமீல்னா எங்கம்மா பயந்து ஒரு இழை விட்டுருவாங்க." கை வேலையில் இருந்ததால் இவர் படம் பார்த்ததே இல்லை. அண்ணன் போய்ச் சேர்ந்து பதினொரு வருஷம் ஆகிறதாம்.

தபால்காரர் ஐயா ஒன்றும் பேசாமல் பெட்டியில் தேடி, அந்த வசனம் வரும் புத்தகத்தை எடுத்து, பக்கத்தைத் தூக்கிக் காட்டினார். எந்தக் கதை என்று இங்கே எழுதவில்லை, அடுத்த முறை கேள்வியாக வரும். அக்கா ரொம்ப நேரம் பார்த்தார். பலூனின் வால் போகும் இடத்தை விரலால் தொடாமல் காற்றிலேயே தடவிப் பார்த்தார். "இது கெட்டவன் பேசறதுங்களா? எங்கண்ணன் இத நல்லவன் கொரல்ல இல்ல படிச்சான்" என்றார். சற்றுக் கழித்து, "அவனுக்கு இவனத்தான் புடிச்சிருக்கும் போல" என்று சிரித்தார்.

கிளம்பும்போது ஐயா அந்தப் புத்தகத்தை உறையோடு அக்கா கையில் கொடுத்தார். படித்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் தரட்டும் என்றார். அக்கா, நீங்கள் வந்ததற்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த முறை நீங்கள் எங்கள் அணி, இப்போதே சொல்லிவிட்டேன்.

வசூலான பணத்தில் செலவு போக 640 ரூபாய் மிச்சம். மேஸ்திரி அண்ணன் பணமாக வாங்க மறுத்ததால், களத்தில் எங்களோடு உட்கார்ந்து லக்கி லூக் காமிக்ஸின் படங்களைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகளுக்கு அதற்குக் காமிக்ஸ் வாங்கி அனுப்புகிறோம். உங்களிடம் இரண்டு பிரதி இருந்தால் ஒன்றைக் கொடுங்கள்.

கொட்டாயில் ஒரு கறுப்புக் குடையும் மூக்குக் கண்ணாடிக் கூடு ஒன்றும் விட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

அன்புடன்,
சேலத்திலிருந்து உங்கள் நண்பன்