பேத்தியின் கதை நோட்டு

காரைக்குடி

அன்பு மகளுக்கு,

அப்பச்சி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம்.

பேத்தி கதை எழுதுவதை நிறுத்திவிட்டாள் என்றும், ஏன் என்று கேட்டால் "எனக்கு அதெல்லாம் வராது" என்று சொல்லி நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறாள் என்றும் தொலைபேசியில் வருத்தப்பட்டாய். ஏதாவது பயிற்சி வகுப்பில் சேர்க்கலாமா என்றும் கேட்டாய். பதினான்கு வயதுப் பிள்ளைக்குக் கதை வராமல் போவது அரிது. எழுதியதைப் பிறர் பார்த்துவிடுவார்களே என்று கூசுவதுதான் அதிகம். அந்தக் கூச்சம் கூடுவதும் குறைவதும் முதலில் படிக்கிறவர் எப்படிப் படிக்கிறார் என்பதைப் பொறுத்தது. அந்த முதல் ஆள் நீ என்பதால் இதை உனக்கு எழுதுகிறேன்.

அச்சகத்தில் புரூஃப் பார்த்தே குடும்பம் நடத்தியவன் நான். ஒற்றுப் பிழை கண்ணை உறுத்துவது எனக்குத் தெரியாததா? ஆனால் அங்கே ஒரு வரிசை உண்டு. ஆசிரியர் எழுதி முடித்து, கையெழுத்துப் பிரதி செப்பனிடப்பட்டு, அச்சுக்கோத்த பிறகுதான் கேலி புரூஃப் (பக்கம் பிரிக்காமல் நீளத் தாளில் எடுக்கும் முதல் சோதனை அச்சு) எங்கள் மேசைக்கு வரும். அடுத்துப் பக்கப் புரூஃப், கடைசியில் மெஷின் புரூஃப். எழுதிக்கொண்டிருப்பவருக்குப் பின்னால் நின்று பிழை திருத்தியவர் எவரையும் நான் கண்டதில்லை. வீடுகளில் மட்டும் அது நடக்கிறது. கதையில் ஒருவன் வெட்டுப்பட்டுக் கிடக்கிறான். படிக்கிற பெற்றோர் "இங்கே வல்லினம் மிக வேண்டும்" என்கிறார்கள். அதன் பிறகு அந்தப் பிள்ளை தனக்குப் பிழையில்லாமல் எழுத வரும் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதும்; துணிந்து எதையும் எழுதிப் பார்க்காது. ஆகையால் முதல் தடவை படிக்கும்போது உன் கையில் பேனா இருக்க வேண்டாம். பிழையே திருத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை (சொன்னால் தின்ற சோற்றுக்குத் துரோகம்). கதையை முடித்து, அவளே மறுபடியும் எழுதி, யாரிடமாவது காட்டலாம் என்று நினைக்கிற நாளில் அது நடக்கட்டும்.

அதற்காக "பிரமாதம்", "சூப்பர்" என்று சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடாதே. இந்த வயதில் வெறும் புகழ்ச்சியை உடனே கண்டுகொள்வார்கள்; படிக்காமலே சொல்கிறாள் அம்மா என்று முடிவு கட்டிவிடுவார்கள். எந்த வரி உன் மனத்தில் நின்றதோ அந்த வரியையே எடுத்துச் சொல். புரியாத இடத்தைக் குறையாகச் சொல்லாமல் கதைக்குள் நின்று கேள்: "கடிதம் வந்தும் அந்தப் பையன் ஏன் பிரிக்கவில்லை? அவன் அக்காவுக்கு அது தெரியுமா?" இதற்கு விடை அவள் ஒருத்தியிடம்தான் இருக்கிறது. அவள் யோசித்து விடை சொல்லத் தொடங்கும்போது, இந்தக் கதை தன்னுடையது, தான் வைத்ததே இதில் சட்டம் என்பது அவளுக்கே உறுதிப்படும். அவள் தயங்கினால் பொறுத்திரு. நீ ஊகித்து விடை எடுத்துக் கொடுக்காதே. கடைசியில் கதை சொல்லும் நீதி என்ன என்று மட்டும் கேட்கவே கேட்காதே.

நீ படித்துக் காட்டிய பக்கத்தில் ஒன்று கவனித்தேன். கதையில் வரும் பாட்டி பாடநூல் தமிழ் பேசுகிறாள். மதிப்பெண் குறையுமோ என்ற பயம்தான் காரணமாக இருக்கும். கதை சொல்லும் பகுதி எழுத்துத் தமிழில் இருக்கட்டும். பேசுகிறவர்கள் பேசுகிறபடியே பேசட்டும். கரிசல் மக்களின் பேச்சிலேயே எழுதிய கி. ராஜநாராயணனுக்கு 1991-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது என்பதை அவளிடம் சொல். வேண்டுமானால் அவள் ஆசிரியையிடமும் சொல். உன் அப்பத்தா, "பொழுது அடைஞ்சு போச்சு, முகப்புல இன்னும் வெளக்குப் போடலையாடி?" என்று கேட்பார்களே, அந்த ஒரு வரியில் வீடும் வேளையும் ஆளும் வந்துவிடவில்லையா?

எதை எழுதுவது என்ற கேள்விக்கு வருகிறேன். கொரியத் தொடரில் பார்த்த ஊரில் கதை நடந்தாலும் தடுக்காதே; பார்த்துச் செய்துதான் எந்தக் கையும் பழகும். கூடவே வீட்டுக் காகிதங்களையும் அவள் கண்ணில் காட்டலாம். நம் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும்கூடத் தேடித் தேடிச் சேர்த்து வைத்தார். அவர் காலமான பிறகு அந்தச் சேகரிப்பே சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. ஆராய்ச்சியாளர்களுக்கு உதவுகிற பழைய காகிதம் கதை எழுதுகிறவளுக்கு உதவாதா? ஆகவே இரண்டு நகல்களை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்று, உன் அப்பத்தா கல்யாணத்துச் சீர்சாமான் சிட்டை, அதாவது பட்டியல். அதில் ஒரே ஒரு சாமான் மட்டும் அடித்துவிடப்பட்டிருக்கிறது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. மற்றொன்று, கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன உன் பெரிய ஐயா ரங்கூனிலிருந்து எழுதிய கடிதத்தின் இரண்டாம் பக்கம். முதல் பக்கம் கிடைக்கவில்லை. அதை அவள் எழுதட்டும்.

அவளாகக் கேட்டால் மட்டும் பின்னணியைச் சொல்: 1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டதையும், அடுத்த ஆண்டு நம்மவர்கள் பலர் காடும் மலையும் கடந்து நடந்தே இந்தியாவுக்கு வந்து சேர்ந்ததையும். கேட்காவிட்டால் விட்டுவிடு. ரங்கூனைக் கோயம்புத்தூராக மாற்றினாலும், பெரிய ஐயாவைத் திருடனாக்கினாலும் நமக்கு ஆட்சேபம் இல்லை. உன் ஆத்தாவுக்கு இருக்கலாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நாளுக்குப் பத்து நிமிடம் எழுதினால் போதும். பாதியில் விட்ட கதைகள் பாதியிலேயே கிடக்கட்டும். பிள்ளையார் நோன்புக்கு எல்லோரும் கூடும்போது "எங்கே, நீ எழுதிய கதையைப் படி" என்று அவளை வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) நிறுத்திவிட வேண்டாம். அலமாரிச் சாவியும் அவளிடமே இருக்கட்டும். அவள் ஐயாவாகிய நான் படிக்கலாமா என்று கேட்டுப் பார். சம்மதித்தால் மட்டும் அனுப்பு. படித்துவிட்டு அவளுக்கே நேராகப் பதில் எழுதுவேன், உனக்கு எழுதமாட்டேன்.

அன்புடன்,
அப்பச்சி