சார்லி மோரான் மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சார்லி மாமா,

நீங்கள் எனக்கு மாமா முறை இல்லைதான். ஆனால் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் டான்வில் ஊர்ப் பையன்கள் உங்களை 'அங்கிள் சார்லி' என்றே கூப்பிட்டார்கள். அந்த உரிமையில் நானும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறேன். கோடையில் பேஸ்பால் நடுவர், இலையுதிர் காலம் வந்தால் கால்பந்துப் பயிற்சியாளர்! வருடத்தில் பாதி நாள் எல்லாரும் திட்டுகிற வேலை, மீதி நாள் தோற்றால் மட்டும் திட்டுகிற வேலை. பொறுமைசாலிதான் நீங்கள்.

இதைப் படிக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: இது பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்கக் கால்பந்து.

டான்வில்லில் நீங்கள் பயிற்சி கொடுத்த சென்டர் கல்லூரியில் அப்போது மாணவர்கள் 300 பேர்கூட இல்லை. 1920இல் அந்தப் பையன்களை, அப்போது நாட்டின் வலுவான அணிகளில் ஒன்றான ஹார்வர்டுக்கு அழைத்துப் போனீர்கள். பாதி ஆட்டம் வரை 14-14 என்று மல்லுக்கட்டி, கடைசியில் 31-14 என்று தோற்றுத் திரும்பினீர்கள். வேறு கல்லூரியாக இருந்தால் அதையே பேரன் பேத்திகளுக்குச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கும். நீங்கள் அடுத்த வருடமும் ரயில் ஏறினீர்கள்.

1921 அக்டோபர் 29. ஹார்வர்டு அரங்கில் 40,000 பேருக்கு மேல். முதல் பாதியில் இரு பக்கமும் ஒரு புள்ளிகூட இல்லை. மூன்றாவது கால்பகுதி தொடங்கியதுமே உங்கள் ஆட்டக்காரர் போ மெக்மிலின் பந்தோடு 32 கஜம் ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டார், அதற்கு 6 புள்ளி. அப்புறம் கூடுதல் புள்ளிக்கான உதை தவறிவிட்டது. எனக்கு ரொம்பப் பிடித்த தவறு இதுதான். அது சரியாகப் போயிருந்தால் 7-0. தவறியதால் 6-0. டான்வில்லில் உங்கள் மாணவர்கள் அதை, சென்டருக்கு 'சி', ஹார்வர்டுக்கு 'எச்' என்று வைத்து, C6H0 என்று ரசாயனச் சூத்திரம் போலச் சுவரில் எழுதினார்கள். ஆறு கார்பன், ஹைட்ரஜன் பூஜ்யம்! ஹார்வர்டின் 'எச்' பக்கத்தில் பூஜ்யம் போட அவர்களுக்கு எவ்வளவு குஷியாக இருந்திருக்கும். கல்லூரியில் ஒரு சுவரில் அது இன்றும் அழியாமல் இருக்கிறது.

எல்லாரும் கதையை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு, ஏனென்றால் நீங்கள் அங்கே நிற்கவில்லை. கென்டக்கி பல்கலையை 55-0, ஆபர்னை 21-0, டுலேனை 21-0 என்று சாய்த்துக்கொண்டே போனீர்கள். டிசம்பர் 26 அன்று சான் டியகோவில் அரிசோனாவை 38-0. அந்தப் பருவத்தின் முதல் பத்து ஆட்டங்களிலும் எதிரணிகளுக்கு விட்டுக்கொடுத்தது மொத்தமே 6 புள்ளி. அதுவும் செயின்ட் சேவியர் ஒரே ஆட்டத்தில் எடுத்தது.

ஒரு வாரத்தில் டாலஸ். 1922 ஜனவரி 2. எதிரே டெக்சஸ் ஏ அண்ட் எம். 1909 முதல் 1914 வரை நீங்களே ஆறு பருவம் பயிற்சி கொடுத்த கல்லூரி! மெக்மிலினுக்கோ அன்று காலைதான் கல்யாணம். மாப்பிள்ளையை மதியம் மைதானத்தில் இறக்குவது உங்கள் ஊரில் சகஜமோ என்னவோ, எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். 22-14 என்று தோற்றீர்கள். அந்தப் பருவத்தின் ஒரே தோல்வி.

ஆனால் அன்று புகழ் பெற்றது பந்தைத் தொடாத ஒருவர். ஏ அண்ட் எம் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் காயம்பட்டு வெளியேற, பத்திரிகையாளர்கள் பகுதியில் உட்கார்ந்து ஆட்டக்காரர்களை அடையாளம் காட்டிக்கொண்டிருந்த கிங் கில் என்ற மாணவரை அவர்களுடைய பயிற்சியாளர் கூப்பிட்டார். காயம்பட்ட ஒருவரின் உடுப்பை மாட்டிக்கொண்டு கோட்டோரம் தயாராக வந்து நின்றார் கில். கடைசி வரை இறங்க வேண்டி வரவில்லை. அணிக்குப் பதினொரு பேர் ஆடும் ஆட்டத்தில் 'பன்னிரண்டாவது ஆள்' என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. தாங்களும் அவரைப் போலத் தயார் என்று காட்ட, இன்றும் அந்தக் கல்லூரி மாணவர்கள் ஆட்டம் முழுக்க உட்காராமல் நின்றுகொண்டே பார்க்கிறார்கள். கில்லுக்கு அங்கே சிலைகூட இருக்கிறது.

மாமா, உங்களிடம் கேட்க நினைத்தது ஒன்றே ஒன்றுதான். உங்கள் பழைய கல்லூரியை எதிர்த்து, தோற்றுக்கொண்டிருக்கும் அணியோடு நின்ற அந்த மதியத்தில், எதிர்ப்பக்கக் கோட்டோரம் சும்மா நின்றுகொண்டிருந்த அந்தப் பையனைக் கவனித்தீர்களா?

இப்படிக்கு,
முறை இல்லாத ஒரு மருமகன்